வறுமையை அளந்தவர்கள் – 9: ரிவர்சைடு மாவட்டத்தின் கணக்கு

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே தொண்ணூறு கிலோமீட்டர் போனால் ரிவர்சைடு நகரம். ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். அதே பெயர் கொண்ட மாவட்டம் அங்கிருந்து பாலைவனத்தைத் தாண்டி அரிசோனா எல்லைவரை நீள்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையைப் பற்றி வாதாடியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் இதுதான். வாஷிங்டனில் சொன்னார்கள், பிற மாநிலத் தலைநகரங்களில் சொன்னார்கள், கடல் கடந்து பிரிட்டனிலும் சொன்னார்கள். ஒரு மாவட்ட நலத்துறை அலுவலகம் இவ்வளவு தூரம் பேசப்பட்டதற்குக் காரணம் ஓர் ஆய்வறிக்கை.

சென்ற அத்தியாயத்தில் 1968இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய சோதனையைப் பார்த்தோம். ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உறுதியான வருமானம் கொடுத்தால் வேலையை விட்டுவிடுவார்களா என்பது அங்கே கேள்வி. ஆண்கள் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், மனைவிமார் சற்றுக் கூடுதலாகக் குறைத்துக்கொண்டார்கள் என்பது கிடைத்த விடை. எண்பதுகளில் கேள்வி தலைகீழாகிவிட்டது. உதவித்தொகை வாங்கும் தாய்மார்களை வேலைக்குத் தள்ளினால் அவர்கள் சொந்தக் காலில் நிற்பார்களா?

கேள்வி இப்படி மாறியதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1935இல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தந்தையற்ற குழந்தைகளுக்கான உதவி ஒரு சிறிய பிரிவு. சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது, கணவனை இழந்து பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் விதவை. அவள் வேலைக்குப் போகக்கூடாது, பிள்ளைகளை வளர்க்க வேண்டும், அதற்காகவே இந்தப் பணம் என்று அன்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் 1939இல் செய்த திருத்தம், காப்பீட்டுக்குள் இருந்த தொழிலாளிகளின் விதவைகளை முதியோர் காப்பீட்டின் பக்கம் நகர்த்திவிட்டது. பழைய திட்டத்தில் மிஞ்சியவர்கள் கணவன் விட்டுப்போனவர்களும் மணமாகாமல் தாயானவர்களும். தென் மாநிலங்களில் நெடுங்காலம் கறுப்பினத் தாய்மார்களை இந்த உதவிக்குப் பக்கத்திலேயே விடவில்லை. பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் உதவியை நிறுத்தி வயலுக்கு விரட்டிய ஊர்களும் உண்டு. அறுபதுகளின் உரிமைப் போராட்டங்கள் அந்தக் கதவைத் திறந்தன. கறுப்புத் தாய்மார்கள் தங்களுக்குரியதைப் பெறத் தொடங்கிய அதே ஆண்டுகளில், தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்ற பழைய ஒப்புதல் நாட்டில் கரையத் தொடங்கியது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1976இல் ரீகன் தன் தேர்தல் மேடைகளில், பல பெயர்களில் உதவித்தொகை வாங்கி ஏமாற்றிய ஒரு சிகாகோப் பெண்ணின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். அந்த ஒருத்தியின் முகம் லட்சக்கணக்கான தாய்மார்களின் மேல் ஒட்டிக்கொண்டது.

1981இல் ரீகன் அரசு, உதவித்தொகைக்குப் பதிலாக வேலை வாங்கும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தது. மாநிலங்கள் ஆளுக்கொரு திட்டம் தொடங்கின. எது பலன் தருகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில்தான் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் கதைக்குள் வருகிறது. ஃபோர்டு அறக்கட்டளையும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து 1974இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் ஆய்வுகளை வழிநடத்தி, 1986இல் தலைவராகவும் ஆனவர் ஜூடித் கெரான் என்ற பொருளாதார அறிஞர். அவர் விடாமல் பிடித்துக்கொண்டது குலுக்கல் முறையை.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு அலுவலகம் ஆயிரம் பெண்களுக்கு வேலை தேடப் பயிற்சி தருகிறது. இரண்டு வருடத்தில் அவர்களில் ஐந்நூறு பேர் உதவித்தொகையை விட்டு வெளியேறுகிறார்கள். அதிகாரி பெருமையோடு அறிக்கை விடுகிறார். ஆனால் இந்தப் பயிற்சியே இல்லாவிட்டாலும் எத்தனை பேர் வெளியேறியிருப்பார்கள்? உதவித்தொகை வாங்கும் தாய்மார்களில் பெரும்பாலோர் காலமெல்லாம் அதில் இருப்பதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், ஒரு வேலை அகப்பட்டதும், மணம் ஆனதும் தாமே போய்விடுவார்கள். அந்த ஐந்நூறில் நானூற்றைம்பது பேர் எப்படியும் போயிருக்கக்கூடியவர்கள் என்றால், திட்டத்தின் பலன் ஐம்பதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரே நேர்மையான வழி, தகுதியுள்ளவர்களைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரிப்பது. ஒரு குழுவுக்குத் திட்டம், மறு குழுவுக்கு வழக்கமான உதவித்தொகை மட்டும். பிறகு இரண்டையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது.

நலத்துறை அலுவலர்கள் எதிர்த்தார்கள். மனிதர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது அநியாயம் என்றார்கள். அந்த எதிர்ப்பில் நியாயமான மனசாட்சி இருந்தது. ஆனால் பல இடங்களில் திட்டத்துக்கு இருந்த பணம் எல்லோருக்கும் போதாது. யாரோ விடுபட்டுத்தான் ஆக வேண்டும். அலுவலரின் விருப்பத்தைவிடக் குலுக்கல் நேர்மையானது என்று கெரானும் அவருடைய குழுவினரும் வாதாடினார்கள். 1986இல் ராபர்ட் லலோண்ட் என்ற இளம் பொருளாதார அறிஞர் எழுதிய ஒரு கட்டுரை அவர்களுக்குப் பெரிய துணையாக அமைந்தது. எம்.டி.ஆர்.சி.யே முன்பு நடத்திய ஒரு குலுக்கல் சோதனையின் உண்மையான விடையை வைத்துக்கொண்டு, குலுக்காமல் புள்ளியியல் சாமர்த்தியத்தால் மட்டும் கணக்கிட்டால் அதே விடை வருமா என்று அவர் பார்த்தார். வரவில்லை. முறைக்கு முறை விடை மாறியது.

கலிஃபோர்னியா 1985இல் ‘கெய்ன்’ என்ற திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. கெட்டியான வேலைக் கட்டாயம் கேட்ட குடியரசுக் கட்சியினரும், படிப்பும் பயிற்சியும் கேட்ட ஜனநாயகக் கட்சியினரும் செய்துகொண்ட சமரசம் அது. அதனாலேயே ஒவ்வொரு மாவட்டமும் தனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டது. ஆறு மாவட்டங்களில் ஏறத்தாழ 33,000 பேரை எம்.டி.ஆர்.சி. குலுக்கிப் பிரித்தது.

ஓக்லண்ட் நகரம் இருக்கும் அலமேடா மாவட்டம் படிப்பின் பக்கம் சாய்ந்தது. கிடைத்த முதல் வேலையில் விழ வேண்டாம், பள்ளிப்படிப்பை முடியுங்கள், ஒரு தொழில் கற்றுக்கொள்ளுங்கள், குடும்பம் நடத்தக்கூடிய வேலைக்குப் போங்கள் என்று அங்கே சொன்னார்கள். ரிவர்சைடில் இதற்கு நேர் எதிர். அங்கே இயக்குநராக இருந்த லாரன்ஸ் டவுன்செண்ட், எந்த வேலையானாலும் முதலில் ஏறு என்ற ஒரே செய்தியை அலுவலகம் முழுக்க நிரப்பினார். சம்பளம் குறைவா, ஓட்டலில் தட்டுக் கழுவுவதா, பரவாயில்லை; அது அடுத்த வேலைக்குப் படிக்கட்டு. படிக்க அனுப்பப்பட்டவர்களிடமும் இதே செய்திதான் சொல்லப்பட்டது. முதலாளிகளைத் தேடிப்போய் காலியிடம் கேட்டுவருவதற்கென்றே ஊழியர்கள் இருந்தார்கள். எத்தனை பேரை வேலையில் சேர்த்தாய் என்பதை வைத்து அலுவலர்களின் திறமை அளக்கப்பட்டது. கூப்பிட்டும் வராதவர்களின் உதவித்தொகையில் வெட்டு விழும் என்ற அச்சுறுத்தலும் இருந்தது.

1994 செப்டம்பரில் மூன்றாண்டு முடிவுகள் வந்தன. ஆறு மாவட்டங்களையும் சேர்த்தால் திட்டத்தில் இருந்த தனிப் பெற்றோரின் சம்பாத்தியம், ஒப்பீட்டுக் குழுவைவிட 22 விழுக்காடு கூடியிருந்தது. ரிவர்சைடில் மட்டும் 49 விழுக்காடு. அங்கே அரசு கொடுத்த உதவித்தொகை 15 விழுக்காடு குறைந்தது. திட்டத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் அரசுக்கு 2.84 டாலர் திரும்பி வந்தது என்று அறிக்கை கணக்குக் காட்டியது. செய்தித்தாள்கள் எழுதின. அமெரிக்காவிலேயே அதிகம் பேர் உதவித்தொகை வாங்கிய மாவட்டங்களில் ஒன்றான லாஸ் ஏஞ்சலிஸ், தன் படிப்புத் திட்டத்தை விட்டுவிட்டு ரிவர்சைடு வழிக்கு மாறியது.

இந்த விழுக்காடுகளை டாலராக்கிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் ரிவர்சைடுத் தாய் ஒருத்தியின் சராசரிச் சம்பாத்தியம் 3,113 டாலர் கூடியது. அதே மூன்று ஆண்டுகளில் அவளுக்கு வந்த உதவித்தொகை 1,983 டாலர் குறைந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1,130 டாலர். முப்பத்தாறு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 31 டாலர். வேலை கிடைத்தவர், கிடைக்காதவர் எல்லோரையும் சேர்த்த சராசரி இது. உணவுக் கூப்பனில் விழுந்த வெட்டும், பேருந்துச் செலவும், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆளுக்குக் கொடுத்ததும் இதில் இன்னும் கழியவில்லை. குறைந்த சம்பளக்காரர்களுக்கான வரித்திருப்பம் கிடைத்திருந்தால் அது சேரவும் இல்லை. நாட்டின் கவனத்தை ஈர்த்த அந்த 49 விழுக்காடு, ஒரு குடும்பத்தின் சமையலறைக்கு வந்து சேரும்போது இவ்வளவுதான். அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. திட்டத்தில் இருந்தவர்களில் பலர் இன்னும் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்பதையும் அதை எழுதியவர்கள் மறைக்கவில்லை. ஆனால் வாஷிங்டனுக்கு 2.84 என்ற எண்தான் போய்ச் சேர்ந்தது.

காலமும் அதற்கு ஒத்துழைத்தது. அறிக்கை வந்த இரண்டே மாதத்தில், 1994 நவம்பரில், குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கைப்பற்றியது. பழைய உதவித்தொகை முறைக்கு முடிவு கட்டுவேன் என்று வாக்குறுதி கொடுத்துப் பதவிக்கு வந்திருந்த கிளிண்டன், அவர்கள் அனுப்பிய மசோதாவை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவதில் 1996 ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்திட்டார். 1935இலிருந்து இருந்துவந்த உரிமை, அதாவது தகுதியுள்ள குடும்பம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை, அன்றோடு போயிற்று. மத்திய அரசின் பணத்தில் ஒருவர் வாழ்நாளில் ஐந்து ஆண்டுதான் உதவி பெறலாம். மாநிலங்களுக்கு ஆண்டுக்கு மொத்தமாக 1,650 கோடி டாலர். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. தொழிற்படிப்பைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் எழுதினார்கள். அலமேடா வழியை முயன்று பார்க்க நினைத்த மாநிலத்துக்கும் கதவு பாதி மூடப்பட்டது. நலத்துறையில் உயர் பொறுப்பில் இருந்த பீட்டர் எடல்மேன், மேரி ஜோ பேன், வெண்டல் பிரைமஸ் மூவரும் இதை ஏற்க முடியாமல் பதவி விலகினார்கள். ஆய்வுகளைப் படித்துப் பழகிய மூவர் அவர்கள்.

இந்தச் சட்டத்துக்கான விவாதம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இரண்டு பெண்கள் வேறு வகையான கணக்கு ஒன்றை முடித்துக்கொண்டிருந்தார்கள். கேத்ரின் ஈடின், லாரா லீன் என்ற அந்த இரு சமூக ஆய்வாளர்களும் தங்கள் குழுவினரோடு சிகாகோ, பாஸ்டன், சான் அன்டோனியோ, தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் ஆகிய நான்கு ஊர்களில் 379 தாய்மார்களின் வரவு செலவைக் கேட்டறிந்தார்கள். அவர்களில் 214 பேர் உதவித்தொகையில் வாழ்ந்தவர்கள், 165 பேர் குறைந்த சம்பள வேலைக்குப் போனவர்கள். வழக்கமான கணக்கெடுப்பில் இந்தத் தாய்மார்கள் உண்மையைச் சொல்வதில்லை. சொன்னால் உதவித்தொகை போய்விடும். அதனால் நம்பிக்கையானவர்கள் அறிமுகத்தோடு வீடுகளுக்குப் போய், ஒருவரையே பலமுறை சந்தித்து, வாடகை, பால், சலவை, பிள்ளையின் காலணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். செலவும் வரவும் ஒத்துவரும்வரை கேட்டார்கள்.

உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 876 டாலர். உதவித்தொகை, உணவுக் கூப்பன் முதலான அரசு உதவி எல்லாம் சேர்த்து வந்தது 565 டாலர். மிச்சத்துக்கு, கணக்கில் காட்டாமல் வீட்டு வேலை செய்தார்கள், பிள்ளையின் தகப்பனிடம் வாங்கினார்கள், தாய்வீட்டில் கேட்டார்கள், தேவாலயத்தில் கேட்டார்கள். அரசுப் பணத்தில் மட்டும் வாழ முடிந்தவர்கள் அநேகமாக ஒருவரும் இல்லை. வேலைக்குப் போன தாய்மார்களின் நிலையைப் பார்த்தால், அவர்களின் செலவு 1,243 டாலர், முதன்மை வேலையின் சம்பளம் 777 டாலர். வேலைக்குப் போவதற்கே செலவு உண்டு: பழைய கார், அதன் ரிப்பேர், பிள்ளை காப்பகம், வேலைக்குப் போட்டுப்போகும் துணி, இழந்துபோன மருத்துவ அட்டைக்குப் பதிலாகக் கைக்காசு. இவர்களுக்கு விழுந்த துண்டு, உதவித்தொகைக்காரர்களுக்கு விழுந்ததைவிடப் பெரியது. மேடைகளில் சோம்பேறிகள் என்று ஏசப்பட்ட பெண்கள், ஒரு டாலரைக்கூடச் சிந்தாமல் கணக்குப் பார்த்து, இந்தக் கூலியில் பிள்ளையோடு பிழைக்க முடியாது என்று முடிவுக்கு வந்தவர்கள். வேலைக்குப் போக அவர்களுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. பலர் முன்பு வேலையில் இருந்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனதாலோ வேலையே போய்விட்டதாலோ திரும்பி வந்தவர்கள். இந்த ஆய்வு 1997இல் நூலாக வந்தது. சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே கையெழுத்தாகியிருந்தது.

சட்டத்துக்குப் பின் நடந்ததையும் உள்ளபடி சொல்ல வேண்டும். எதிர்த்தவர்கள் அஞ்சியது உடனே நடக்கவில்லை. பதினோரு லட்சம் குழந்தைகள் கூடுதலாக வறுமையில் விழுவார்கள் என்று அர்பன் இன்ஸ்டிட்யூட் 1996இல் மதிப்பிட்டிருந்தது. மாறாக, குழந்தைகளின் வறுமை அந்த ஆண்டு 20.5 விழுக்காட்டிலிருந்து 2000இல் 16.2 ஆகக் குறைந்தது. தனித் தாய்மார்கள் முன் எப்போதும் இல்லாத எண்ணிக்கையில் வேலைக்குப் போனார்கள். 1994இல் ஐம்பது லட்சமாக இருந்த உதவித்தொகைக் குடும்பங்கள் 2000இல் பாதிக்கும் கீழே இறங்கின. இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. ஆனால் வேலையின்மை முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்திருந்த காலம் அது. 1993இல் பெருக்கப்பட்ட வரித்திருப்பமும் அப்போதுதான் கைக்கு வந்துகொண்டிருந்தது. இவற்றைப் பிரித்தெடுக்க அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சட்டத்தின் உண்மையான சோதனை 2008இல் வந்தது. நாடெங்கும் வேலை போனது. உணவுக் கூப்பன் வாங்குவோர் கோடிக்கணக்கில் கூடினார்கள். பண உதவித் திட்டமோ அதிகம் அசையாமல் கிடந்தது. விழுகிற காலத்தில் தாங்க வேண்டிய வலை அது. தாங்கவில்லை.

ரிவர்சைடு என்ன ஆனது? ஐந்து ஆண்டு முடிவில் அதன் அனுகூலம் தேய்ந்திருந்தது. பிறகு ஹாட்ஸ், இம்பென்ஸ், கிளெர்மன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அதே ‘கெய்ன்’ பதிவேடுகளை ஒன்பது ஆண்டுவரை நீட்டிப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். அலமேடாவும் லாஸ் ஏஞ்சலிஸும் நெடுங்காலம் உதவித்தொகையில் இருந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டவை. ரிவர்சைடு எல்லோரையும் சேர்த்தது. ஆளும் ஊரும் வேறுபட்டதைச் சரிசெய்து பார்த்தால், தொடக்கத்தில் ரிவர்சைடு முந்தியது உண்மை. பின் ஆண்டுகளில் படிப்பும் பயிற்சியும் தந்த மாவட்டங்கள் அதை எட்டிப்பிடித்துத் தாண்டியும் போயின. படிப்பின் பலன் பழுக்க ஆண்டுகள் ஆகும். மூன்றாண்டில் அறிக்கை கேட்டால் அது கண்ணுக்குத் தெரியாது.

படிப்பே போதும் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. பின்னர் ஏழு ஊர்களில் பதினொரு திட்டங்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வில், வயது வந்தவர்களை வெறும் பள்ளிப் பாடத்தில் உட்காரவைத்த திட்டங்கள் செலவுக்கேற்ற பலன் தரவில்லை. முன்னே நின்றது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட். அங்கே வேலைதான் இலக்கு. ஆனால் முழுநேர வேலை, குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பளம், மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்து ஏறு என்றார்கள், தேவைப்பட்டவர்களைக் கல்லூரிக்குக் குறுகிய படிப்புக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டில் சம்பாத்தியம் கால் பங்கு கூடியது. ஆனால் அந்தப் பதினொரு திட்டங்களையும் ஒருசேரப் பார்த்தால், பெண்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குடும்ப வருமானமோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு கையில் வந்த சம்பளம், மறு கையில் உதவித்தொகையாகப் போனது.

இதை உடைத்துக் காட்டியது மினசோட்டா. 1994இல் ஏழு மாவட்டங்களில் தொடங்கிய சோதனையில், வேலைக்குப் போகும் தாயின் உதவித்தொகையை உடனே வெட்டவில்லை. சம்பளத்தில் 38 விழுக்காட்டைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டார்கள். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 140 விழுக்காட்டைத் தொடும்வரை ஏதோ ஒரு தொகை வந்துகொண்டிருந்தது. பிள்ளை காப்பகத்துக்கான பணத்தை அரசே நேரே கட்டியது. நெடுங்காலம் உதவித்தொகையில் இருந்த நகரத்துத் தனித் தாய்மார்களில், ஒப்பீட்டுக் குழுவில் சராசரியாக 37 விழுக்காட்டினர் வேலையில் இருந்தபோது இந்தக் குழுவில் 50 விழுக்காட்டினர் இருந்தார்கள். வேலையும் கூடியது, வருமானமும் கூடியது, வறுமையும் குறைந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் மேலாகச் செய்தார்கள், நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. வீட்டில் அடி உதைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களின் எண்ணிக்கைகூட 60 விழுக்காட்டிலிருந்து 49 ஆக இறங்கியது. கையில் நாலு காசு இருக்கும் பெண், தன்னை அடிப்பவனை விட்டு விலக முடிகிறது.

அரசுக்கு இதில் ஒரு டாலருக்கு 2.84 திரும்பவில்லை, செலவு கூடியது. முப்பது ஆண்டு ஆய்வில் நான் கண்ட விடை இதுதான்: அரசின் செலவைக் குறைப்பது இலக்கானால் ரிவர்சைடு வழி, குடும்பம் நிமிர வேண்டுமானால் மினசோட்டா வழி. இரண்டும் ஒரே இலக்கு என்று சொல்லித்தான் 1996இன் சட்டத்தை விற்றார்கள்.

மினசோட்டாவின் முழு அறிக்கை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1998இல், புதிய சட்டத்துக்கு ஏற்ப மாநிலம் அந்தத் திட்டத்தைச் சுருக்கியிருந்தது: 140 விழுக்காடு 120 ஆனது, ஐந்தாண்டுக் கெடு வந்தது.

அடுத்த அத்தியாயத்தில் மில்வாக்கிக்குப் போவோம். வாரம் முப்பது மணி நேரம் உழைப்பவர் எவரும் ஏழையாக இருக்கக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் சிலர் கூடி நடத்திய ‘நியூ ஹோப்’ சோதனையை அங்கே பார்க்கலாம்.